மாஞ்சோலை எறக்கமும் பனிமலை ரேசும்: ஒரே வெளையாட்டு, நாலு வகை

வின்டர் ஒலிம்பிக்ஸ்ல ஸ்கீயிங்னு போட்டா நம்ம ஊர்ல முக்காவாசிப் பேருக்கு எல்லாமே ஒண்ணுபோலதான் தெரியும், வெள்ளையா ஒரு மலை, ஹெல்மெட் மாட்டின ஒரு ஆளு, மேல இருந்து சர்ருன்னு வாறான், கீழ வந்ததும் ஒரு நம்பர் காட்டுது, அவன் ஒண்ணு சிரிக்கான் இல்லன்னா தலைய ஆட்டுதான், அவ்வளவுதான். எனக்கும் ரொம்ப நாளு அப்படித்தான் இருந்துச்சு. எங்க மாமா கேட்ட ஒரு கேள்வியிலதான் நான் இத ஒழுங்கா உக்காந்து பாக்கவே ஆரம்பிச்சேன்.

மாமாவுக்கு அம்பாசமுத்திரம். ரிட்டயர்டு பஸ் டிரைவர், ரொம்ப வருசம் மணிமுத்தாறு வழியா மாஞ்சோலைக்கு வண்டி ஓட்டுனவ. ஒரு நாள் திண்ணையில உக்காந்து போன்ல அடுத்தடுத்து ரெண்டு வீடியோ காட்டினேன், பாத்துட்டு கேட்டாவ, "என்ன மருமவனே, மொத ஒருத்தன் கம்புக்கு நடுவுல பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போனான், இவன் என்னடான்னா முட்டுக்குள்ள தலைய வச்சுக்கிட்டு நேரா வுழுதான், ரெண்டும் ஒரே வெளையாட்டுன்னு சொல்லுத, எப்படிடே?" நியாயமான கேள்விதான.

பதில் என்னன்னா, ஆல்பைன் ஸ்கீயிங்ல முக்கியமா நாலு ரேஸ் இருக்கு, ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம், சூப்பர் ஜி, டவுன்ஹில். பேரு நாலா இருந்தாலும் சங்கதி ஒண்ணுதான், மலையில அங்கங்க கேட்டு நட்டு வச்சிருப்பாங்க, கேட்டுன்னா ஜோடியா கம்பு, அந்த ஜோடி ஒவ்வொண்ணையும் வரிசையா தாண்டி கீழ வரணும், யாரு சீக்கிரம் வாறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் எவ்வளவு தூரம் விடுறோம்ங்கிறதுலதான் எல்லாமே மாறுது, ரேடியோல வால்யூம் திருகுற மாதிரி அந்தத் தூரத்த திருகிக்கிட்டே போனா ஒரு கடைசில ஸ்லாலம் இன்னொரு கடைசில டவுன்ஹில். தூரம் கூடக்கூட வேகம் கூடும், வேகம் கூடினா காத்து எதுத்துத் தள்ளும், அதுக்கு உடம்பு வேற மாதிரி வேணும், பலகை வேற மாதிரி வேணும், ஏன் மனசே வேற மாதிரி வேணும். மாமாகிட்ட சொன்னது இதுதான், ஸ்லாலம்னா திருநெல்வேலி டவுன்ல நாலு ரதவீதியிலயும் தேரோட்டத்தன்னிக்கு ஆள் நடுவுல மினிபஸ் ஓட்டுறது, டவுன்ஹில்னா நாங்குநேரி தாண்டி நாலு வழிச்சாலையில மிதிச்சுக்கிட்டு போறது. ஆனா ரெண்டும் எறக்கத்துல, பிரேக் இல்லாம.

இதுல மொதல்ல புரிஞ்சிக்க வேண்டியது அந்தப் பலகை எப்படித் திரும்புதுங்கிறது, இது தெரியலன்னா மத்தது எதுவும் ஒட்டாது. சின்ன வயசுல திசையன்விளை பக்கம் தேரியில பனமட்டைய போட்டு உக்காந்து செம்மண்ணுல சறுக்கினவங்களுக்குத் தெரியும், மட்டை கெளம்பிட்டா கெளம்பினதுதான், திருப்பவே முடியாது, முள்ளுச்செடி வந்தா முள்ளுச்செடிதான். ஸ்கீ அப்படி இல்ல. மேல இருந்து பாத்தா முன்னாலயும் பின்னாலயும் அகலமா நடுவுல ஒல்லியா இருக்கும், உடுக்கைய புடிச்சு நீளமா இழுத்துவிட்ட மாதிரி. அடியில ரெண்டு ஓரத்துலயும் இரும்புப் பட்டை. ஆளு காலச் சாச்சதும் அந்த வளைஞ்ச ஓரம் பனியக் கவ்வி ஒரு வட்டத்தோட துண்டு மாதிரி தானாவே திரும்பிப் போகும். அந்த வட்டம் எவ்வளவு பெருசுங்கிறது ஒவ்வொரு ரேசுக்கும் வேற. ஸ்லாலம் ஸ்கீ குட்டையா இருக்கும், ஆம்பளைங்களுக்கு கொறஞ்சது 165 சென்டிமீட்டர், அதோட வட்டம் ஏறத்தாழ 12, 13 மீட்டர் ஆரம்தான், வெடுக்குன்னு திரும்பும். ஜெயண்ட் ஸ்லாலத்துக்கு 193 சென்டிமீட்டர், ஆரம் 30 மீட்டர். சூப்பர் ஜிக்கு 210, ஆரம் 45. டவுன்ஹில்லுக்கு 218 சென்டிமீட்டர் நீளம், ஆரம் 50 மீட்டர். இதுல பெரும்பாலும் எஃப்.ஐ.எஸ்-னு சொல்ற சர்வதேச ஸ்கீ சங்கம் வச்ச கணக்கு, ரூலர் வச்சு அளப்பாங்க. டவுன்ஹில் பலகைய மாட்டிக்கிட்டு ஸ்லாலம்ல எறங்கினா வெள்ளாளங்குளம் தெருவுல லாரிய திருப்பின கதைதான், மாத்தி ஸ்லாலம் பலகையோட டவுன்ஹில்ல எறங்கினா அது நடுங்கி நடுங்கி ஆளயே தூக்கி எறிஞ்சிரும்.

பனின்னு சொன்னா பஞ்சு மாதிரின்னு நெனச்சிராதீங்க. பெரிய ரேசுக்கெல்லாம் பனிக்குள்ள தண்ணிய செலுத்தி உறைய விட்டு கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிருப்பாங்க. பஞ்சுப் பனின்னா மொத பத்து ஆளு போனதுமே தடம் விழுந்து பள்ளம் பள்ளமா ஆயிரும், பின்னால வாறவனுக்கு நியாயமா இருக்காது. அப்படி இறுக்கி வச்சும் தடம் விழத்தான் செய்யுது, அத பொறவு சொல்லுதேன்.

ஸ்லாலம்ல ஆம்பளைங்களுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் எறக்கத்தோட உயரம் 180ல இருந்து 220 மீட்டர். அதுக்குள்ள 55ல இருந்து 75 கேட்டு வரைக்கும் நட்டிருவாங்க, கேட்டுக்கும் கேட்டுக்கும் 6 மீட்டர்ல இருந்து 13 மீட்டர்தான், அதாவது ஒரு செகண்டு கூட இல்ல, அதுக்குள்ள அடுத்த திருப்பம். வீடியோல பாத்தா ஆளு கம்ப மோதி மோதி சாச்சுக்கிட்டுப் போவான், மாமா "கம்ப ஒடிச்சிட்டானே, அவுட்டா?"ன்னு கேட்டாவ. அவுட் இல்ல. ரெண்டு காலும் கேட்டுக்குள்ள வந்தா போதும், உடம்பு எங்கிட்டு போனா என்ன. அதனால ஸ்கீ கம்புக்கு வெளிப்பக்கமா போகும், உடம்பு உள்பக்கமா சாஞ்சு கம்ப முட்டியாலயும் கையாலயும் தட்டிவிட்டுட்டு போகும், தூரம் கொஞ்சம் மிச்சம். முன்னாடி மூங்கில் கம்புதான் நட்டாங்க, அத இப்படி மோத முடியாது, சுத்தித்தான் போகணும். 80கள் தொடக்கத்துல அடியில கீலு வச்ச பிளாஸ்டிக் கம்பு வந்துச்சு, அதுக்கு அப்பறம் ஸ்லாலம் ஓட்டுற விதமே மாறிப் போச்சு. ஒரு கம்பு மாத்தம்தான், பழைய கைக்காரங்க பாதிப்பேர் திரும்ப வெளையாட்டு கத்துக்க வேண்டியதாயிருச்சு. ஒரு ஸ்கீ முனை மட்டும் கம்புக்கு அந்தப்பக்கம் போயிட்டா ஸ்ட்ராடில்னு சொல்லுவாங்க, சோலி முடிஞ்சுது, மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.

இந்த எடத்துல நம்மாளுகளுக்கு ஒரு சங்கதி. இப்ப இருக்கிற ஸ்லாலத்துக்கு ரூல் போட்டது ஆர்னால்ட் லன்னுன்னு ஒரு வெள்ளக்காரர், அவரு பொறந்தது எங்கன்னு நெனைக்கீங்க, நம்ம மெட்ராஸ்ல, 1888ல. அப்பா மிஷனரி டாக்டரா இங்க வந்தவரு. பனிய பாக்கணும்னா பெட்டிய திறந்து ஐஸ்கட்டிதான் பாக்கணும்ங்கிற ஊர்ல பொறந்துட்டு, சுவிட்சர்லாந்துல ம்யூரன்ங்கிற ஊர்ல 1922ல அவரு ஒரு ரேஸ் வச்சாரு, கொடிகள நட்டு, யாரு அழகா திரும்பினாங்கன்னு மார்க்கு போடாம யாரு சீக்கிரம் வந்தாங்கன்னு மட்டும் பாத்தாரு. அதுவரைக்கும் ஸ்டைலுக்கு மார்க்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க, பரதநாட்டியத்துக்கு போடுற மாதிரி. மலைக்காட்டுல மரத்துக்கு நடுவுல புகுந்து வாறவனுக்கு அழகு எதுக்கு, தப்பிச்சு சீக்கிரம் வந்தா போதும்ங்கிறதுதான் அவரு கணக்கு. அதே ம்யூரன்லதான் 1931ல மொத உலக சாம்பியன்ஷிப். டவுன்ஹில் கதையும் சுத்திச் சுத்தி இந்தியா பக்கந்தான் வருது, 1911ல சுவிஸ்ல மொன்டானால வச்ச மொத பெரிய டவுன்ஹில் ரேசுக்கு கப்பு குடுத்தது கந்தகார் ராபர்ட்ஸ் பிரபு, மெட்ராஸ் ராணுவத்துக்கு தளபதியா இருந்த ஆளு. இன்னைக்கும் ஜெர்மனில கார்மிஷ் ஊர் ரேஸ் பாதைக்குப் பேரு கந்தகார். ஆப்கானிஸ்தான்ல இருக்கிற ஊர் பேர ஜெர்மனி பனிமலைக்கு வச்சிருக்காவன்னு மாமாவுக்கு ஒரே சிரிப்பு.

டவுன்ஹில்லப் பத்தி மாமாவுக்கு எடுத்துச் சொல்ல மாஞ்சோலையே கைகுடுத்துச்சு. ஆம்பளைங்க டவுன்ஹில்லுக்கு உயரம் 800ல இருந்து 1100 மீட்டர். மாஞ்சோலைக்கும் மணிமுத்தாறு அணைக்கட்டுக்கும் உயர வித்தியாசமும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்தான். பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல ஊர்ந்து ஊர்ந்து எறங்குற அந்த உயரத்த இவனுக ரெண்டு நிமிசத்துல எறங்குதாங்க. ஆஸ்திரியால கிட்ஸ்பூஹல்ல ஸ்ட்ரைஃப்னு ஒரு பாதை, 3,312 மீட்டர் நீளம், 860 மீட்டர் எறக்கம், 1997ல ஃப்ரிட்ஸ் ஸ்ட்ரோபல் அத 1 நிமிசம் 51.58 செகண்டுல முடிச்சாரு. மவுஸஃபாலேன்னு ஒரு எடம், அதுக்கு எலிப்பொறின்னு அர்த்தம், அங்க சரிவு 85 சதவீதம், ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரத்துலயே அது வந்துரும், ஆளு அப்படியே காத்துல பறப்பான். சுவிஸ்ல வெங்கன்ல இன்னும் நீளம், நாலரை கிலோமீட்டர் கிட்ட, முடிக்க ரெண்டரை நிமிசம் ஆகும், 2013ல ஜொஹான் க்ளாரே அங்க மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டாரு. தொடையெல்லாம் எரிஞ்சு கடைசி முப்பது செகண்டுல கால் நடுங்குறது டிவிலயே தெரியும்.

இந்த வேகத்துல எதிரி காத்து. வேகம் ரெண்டு மடங்கானா காத்து தள்ளுற பலம் நாலு மடங்காகும். ஆரல்வாய்மொழி கணவாய்ல, முப்பந்தல் காத்தாடிக்கு கிட்ட, ஆடிக்காத்துல பைக் ஓட்டினவங்களுக்கு இத தனியா சொல்ல வேண்டாம், பயலுக டேங்க் மேல படுத்துக்கிட்டு போவானுவல்ல, அதேதான் டவுன்ஹில்ல அந்தக் குனிஞ்ச முட்டை மாதிரி உக்காரு. 1960 ஒலிம்பிக்ஸ்ல ஃப்ரான்ஸ்காரர் ஜான் வுவார்நே அப்படிக் குனிஞ்சு, அதுவும் மரப்பலகை இல்லாம உலோகப் பலகைய மாட்டி ஜெயிச்சாரு, அதுக்கப்பறம் எல்லாரும் அந்த உக்காருதான். ஆபத்து ரொம்பங்கிறதால டவுன்ஹில்லுக்கு மட்டும் ரேசுக்கு முந்தின நாட்கள்ல அதே பாதையில ட்ரெயினிங் ஓட்டம் கட்டாயம். அப்படியும் 1994ல அதே கந்தகார் பாதையில உல்ரிகே மயர், ரெண்டு தடவ சூப்பர் ஜி உலக சாம்பியன், விழுந்து உயிர் போயிருச்சு. இப்ப உடுப்புக்குள்ளயே ஏர்பேக் மாட்டிக்கிட்டுத்தான் எறங்குதாங்க.

ஜெயண்ட் ஸ்லாலத்த கோச்சுங்க அடிப்படைன்னு சொல்லுவாங்க, சமையலுக்கு சோறு வடிக்கிற மாதிரி. இது வந்தா மத்தது கொஞ்சம் முன்ன பின்ன வரும். 1952 ஓஸ்லோல ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்துச்சு. கேட்டு கொஞ்சம் தள்ளித் தள்ளி, வேகம் ஸ்லாலத்த விட கூட, ஆனா ஒவ்வொரு திருப்பமும் முழுத் திருப்பம், ஏமாத்த முடியாது. இங்கதான் மாமா பட்டுன்னு ஒண்ணு சொன்னாவ. மெதுவா ஓட விட்டுக் காட்டினேன், ஜெயிச்சவன் கேட்டு வாறதுக்கு முன்னயே, மேலேயே திருப்பத்த ஆரம்பிச்சு, கேட்டுகிட்ட வாறப்ப முக்காவாசி திரும்பியாச்சு. தோத்தவன் கேட்டுகிட்ட வந்துட்டுத் திருப்புதான், அதனால கீழ இழுத்துக்கிட்டு போயி அடுத்த கேட்டுக்கு லேட்டு, அதுக்கடுத்ததுக்கு இன்னும் லேட்டு. "வளைவுக்குள்ள போன பொறவு ஸ்டீரிங்க ஒடிக்கவன் டிரைவரே கெடையாதுடே"ன்னாவ. ஸ்கீ கோச்சு பக்கம் பக்கமா எழுதுறத ஒரே வரியில முடிச்சிட்டாவ, நான் என்னத்த சொல்ல.

பலகைக் கணக்கு எவ்வளவு ஆட்டிவைக்கும்ங்கிறதுக்கும் ஜெயண்ட் ஸ்லாலம்லதான் நல்ல உதாரணம் இருக்கு. 2012ல காயம் கொறைக்கணும்னு எஃப்.ஐ.எஸ் ஆம்பளைங்க பலகை ஆரத்த 35 மீட்டருக்கு ஏத்துச்சு, அப்பன்னா திருப்ப ரொம்ப கஷ்டம். அமெரிக்காக்காரர் டெட் லிகெட்டி இத எதுத்து கன்னாபின்னான்னு கத்தினாரு. அப்பறம் அந்த சீசனோட மொத ரேஸ், ஆஸ்திரியால ஸோல்டன்ல, யாரு ஜெயிச்சான்னா அவரேதான், அதுவும் 2.75 செகண்டு வித்தியாசத்துல. நூத்துல ஒரு பங்கு செகண்டுக்கு அடிச்சுக்கிற வெளையாட்டுல 2.75ங்கிறது எதுத்தவன் வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சிட்டு வாற நேரம். மத்தவங்க பலகையப் பாத்து பயந்துக்கிட்டு இருக்கையில அவரு அத திட்டிக்கிட்டே கத்துக்கிட்டாரு. பொறவு 2017-18 சீசன்ல ஆரத்த 30க்கு எறக்கிட்டாங்க. ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம் ரெண்டுக்கும் ரெண்டு ஓட்டம், ரெண்டையும் கூட்டித்தான் முடிவு, ரெண்டாவது ஓட்டத்துக்கு கேட்டையெல்லாம் புடுங்கி வேற மாதிரி நட்டிருவாங்க.

எனக்குப் பிடிச்சது சூப்பர் ஜி. இது கடைசியா வந்த புள்ள, டவுன்ஹில்லுக்கும் ஜெயண்ட் ஸ்லாலத்துக்கும் நடுவுல ஒண்ணு வேணும்னு 1982-83 சீசன்ல உலகக் கோப்பைக்குள்ள, அதாவது வருசா வருசம் சீசன் முழுக்க நடக்குற தொடர் ரேசுக்குள்ள, கொண்டாந்தாங்க, 1988 கால்கரில ஒலிம்பிக்ஸுக்கும் வந்துச்சு. பலபேரு இத ரெண்டுங்கெட்டான்னு சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னா இதுல ட்ரெயினிங் ஓட்டமே கெடையாது. ரேசன்னிக்கு காலையில பாதை ஓரமா மெதுவா எறங்கி கேட்டையெல்லாம் பாத்துக்கிடலாம், அவ்வளவுதான், அப்பறம் ஒரே ஓட்டம், மணிக்கு நூறுக்கு மேல. மெதுவா போறப்ப பாத்த மேடு நூறுல வாறப்ப எங்க கொண்டு போடும்னு மனசுலயே கணக்கு போடணும். மாமாகிட்ட கேட்டேன், ஒரு காட்டு ரோட்ட காலையில ஒருதடவ நடந்து பாத்துட்டு சாயங்காலம் டாப் கியர்ல எறங்குவீயளான்னு. "சவத்த, நான் லீவு லெட்டர் குடுத்திருவேன்"ன்னாவ.

1998 நகானோ ஒலிம்பிக்ஸ்ல ஆஸ்திரியாக்காரர் ஹெர்மன் மயர் டவுன்ஹில்ல விழுந்த விழுவு இருக்கே, அந்தரத்துல தலைகீழா பறந்து ரெண்டு வலையத் தாண்டிப் போயி விழுந்தாரு, ஆளு போயிட்டாருன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, சில நாள்லயே வந்து சூப்பர் ஜியிலயும் ஜெயண்ட் ஸ்லாலத்துலயும் தங்கம். 2018 ஒலிம்பிக்ஸ்ல செக் நாட்டுப் பொண்ணு எஸ்டர் லெடெட்ஸ்கா, அடிப்படையில ஸ்னோபோர்டுக்காரி, அதாவது ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டு எறங்குறவ, சூப்பர் ஜில எறங்கி 0.01 செகண்டுல ஜெயிச்சா. போர்டுல நம்பரப் பாத்துட்டு மெஷின் தப்புன்னு நெனச்சு அப்படியே மொறச்சுக்கிட்டு நின்னா பாருங்க. நூறு கிலோமீட்டர் வேகத்துல அந்த 0.01 செகண்டுங்கிறது 28 சென்டிமீட்டர், ஒரு அடி ஸ்கேலுக்கு கொஞ்சம் கொறச்சல். அதே ஒலிம்பிக்ஸ்ல ஸ்னோபோர்டுலயும் தங்கம் எடுத்தா.

நாலையும் ஒருத்தரே ஜெயிக்கிறது ஏன் அபூர்வம்னு இப்ப புரியும். ஸ்வீடன்காரர் ஸ்டென்மார்க் 86 உலகக் கோப்பை ரேஸ் ஜெயிச்சாரு, அத்தனையும் ஸ்லாலமும் ஜெயண்ட் ஸ்லாலமும்தான், டவுன்ஹில் பக்கமே எட்டிப்பாக்கல, 1981ல ஒரே ஒருதடவ கிட்ஸ்பூஹல் டவுன்ஹில்ல பாயிண்டுக்காக எறங்கினத தவிர. அந்த 86அ 2023ல தாண்டினது மிக்கேலா ஷிஃப்ரின், 2025 பிப்ரவரில நூறாவது ஜெயிப்பு. அவங்க நாலு வகையிலயும் ஜெயிச்சிருக்காங்க, ஆனா பெரும்பாலும் ஸ்லாலம்தான். ஜெயிச்சா 100 பாயிண்டு, ரெண்டாவதுக்கு 80, மூணாவதுக்கு 60, அப்படியே முப்பதாவது ஆளுக்கு 1, சீசன் முழுக்க கூட்டி பெரிய கோப்பை, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு பொம்பளைங்களுக்கு ஒண்ணு. கோப்பை 1967ல இருந்து உண்டு, பாயிண்டுக் கணக்கு மட்டும் நடுவுல மாறிச்சு.

ரெண்டையும் சேத்து பாத்துரலாம்னு கம்பைண்டுன்னு ஒண்ணு உண்டு, ஒரு டவுன்ஹில் ஒரு ஸ்லாலம், ரெண்டையும் கூட்டறது. 1936ல ஆல்பைன் ஸ்கீயிங் ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்ததே இந்த ஒரு ரேசாத்தான். அதுல நார்வேக்காரர் பிர்ஜர் ரூட் டவுன்ஹில்ல மொத ஆளா வந்தாரு, ஸ்லாலத்துல ஒரு கேட்ட விட்டு நாலாவதுக்குப் போயிட்டாரு. அவரு உண்மையில ஸ்கீ ஜம்பிங் வீரர், அதே ஒலிம்பிக்ஸ்ல அதுக்குத் தங்கம் வாங்கிட்டாரு, அதனால பாவம்னு சொல்ல முடியாது. இப்ப அந்தந்த வேலைக்கு அந்தந்த ஆளுன்னு ஆயிட்டதால ஒருத்தர் டவுன்ஹில், கூட்டாளி ஸ்லாலம்னு டீமா மாத்திட்டாங்க, 2026 ஒலிம்பிக்ஸ்ல அப்படித்தான் வச்சாங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு பேர் ஒரே நேரத்துல எறங்குற பேரலல்னு ஒண்ணும் இருக்கு, டிவிக்கு நல்லா இருக்கும், மத்தபடி எனக்கு ஒட்டல.

மேல தடம்னு சொன்னேன்ல. ஸ்லாலத்துலயும் ஜெயண்ட் ஸ்லாலத்துலயும் மொத ஓட்டத்துல பெரிய ஆளுக முன்னால போவாங்க. உலகக் கோப்பைன்னா ரெண்டாவது ஓட்டத்துக்கு மொத 30 பேரு மட்டும், அதுவும் தலைகீழ் வரிசையில, முப்பதாவதா வந்தவன் மொதல்ல, மொத ஆளு கடைசில. முன்னால நின்னவன் இப்ப மத்தவங்க போட்ட பள்ளத்துல எறங்கணும்.

நம்ம நாட்டுக் கதையும் இந்தத் தடத்துலதான் கெடக்கு. காஷ்மீர்ல குல்மார்க்ல இருந்து போன ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல எறங்கினாரு, இந்தியாவுல இருந்து அந்தத் தடவ போனது அவரு ஒருத்தர்தான். ஜெயண்ட் ஸ்லாலத்துல 45வது, ஸ்லாலம் முடிக்கல. 45ன்னா என்னன்னு சிரிக்கத் தோணும். பனி கொட்டிக்கிட்டு இருந்த நாளு அது, எத்தனையோ பேர் பாதியிலயே வெளிய போயிட்டாங்க, அதுவும் அவரு மாதிரி ரேங்கிங் இல்லாத ஆளுக்கு ஸ்டார்ட் நம்பர் எங்கயோ கடைசில.

மாமா அந்த வீடியோவ பாத்துட்டு வேற ஒண்ணும் கேக்கல, "இவன் எத்தனாவது வண்டி?"ன்னு கேட்டாவ. ரொம்ப பின்னால மாமான்னேன். "மழை பெஞ்ச மறுநா, ஜீப்பும் லாரியும் போயி உழுது போட்ட ரோட்டுல கடைசி சிங்கிள் ட்ரிப்பு அடிச்சிருக்கியாடே நீ"ன்னாவ. இல்லன்னேன். வீடியோவ மொதல்ல இருந்து திரும்பப் போடச் சொன்னாவ, கண்ணாடிய மூக்குல ஏத்திக்கிட்டு போன கிட்ட இழுத்து வச்சுப் பாத்தாவ, இந்தத் தடவ ஆளப் பாக்கல, அவன் காலுக்குக் கீழ கெடந்த அந்தப் பள்ளத்தத்தான்.